கரைதிறன் சமநிலையும் தென்கோடி உப்பளங்களும்

திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரி நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் நெய்யாற்றின்கரையைக் கடந்தால் பாறசாலை. அதனை அடுத்துக் களியக்காவிளை. 1956 நவம்பர் 1ஆம் நாள் மாநிலங்கள் திருத்தியமைக்கப்பட்டபோது விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய வட்டங்கள் அன்றைய சென்னை மாநிலத்துடன் இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. அவ்வாறு பிரிந்தவற்றுள் உப்பளங்களும் அடங்கும். தென் திருவிதாங்கூரில் உப்பு விளைந்த புத்தளம், தாமரைக்குளம், சாமித்தோப்பு ஆகிய ஊர்கள் எல்லைக்குக் கிழக்கே அமைந்தன. பாறசாலையிலும் அதனைச் சூழ்ந்த கிராமங்களிலும் தமிழும் மலையாளமும் கலந்தே வழங்குகின்றன. இரு மொழியிலும் உப்புக்கு உப்பு என்றே பெயர். ஆயினும் அச்சொல்லுக்குரிய பொருள் அக்கிராமங்களுக்குக் கிழக்கிலிருந்தே வந்து சேருகிறது.

பாறசாலைக்குத் தென்மேற்கே சில கிலோமீட்டர் தொலைவில் பொழியூரும் பூவாறும் கடலோரத்தில் உள்ளன. அங்குள்ள கடல்நீரும் மணக்குடிக் காயலில் ஏறும் கடல்நீரும் ஏறத்தாழ ஒரே அளவு உப்பைக் கொண்டவை. கிலோவுக்குச் சுமார் 35 கிராம் உப்புகள் அந்நீரில் கரைந்துள்ளன. அவ்வாறிருக்க, ஓரிடத்தில் பாத்தி கட்டினால் உப்பு விளைவதும், ஐம்பது கிலோமீட்டருக்கு உட்பட்ட மற்றோரிடத்தில் அது தொழிலாக நிலைக்காமல் போவதும் ஏன்? மழை என்பது உடனே தோன்றும் விடை. அது சரியே, ஆனால் முழுமையானதன்று. எஞ்சிய பகுதி, கரைதிறன் சமநிலை என்று வேதியியல் மாணவர்கள் பயிலும் பாடத்தில் இருக்கிறது. உப்பின் தரம், தொழிலாளிக்குக் கிடைக்கும் விலை, கழுத்துக்கழலை நோய்த் தடுப்பு, கிணற்று நீரின் தூய்மை ஆகிய நான்கும் அதே பாடத்தைச் சார்ந்தவை.

கரைதலும் படிதலும்

ஒரு குவளை நீரில் உப்பைச் சிறிது சிறிதாக இட்டுக் கலக்கினால் ஒரு கட்டத்தில் அது மேலும் கரையாமல் அடியில் தங்குகிறது. 25 டிகிரி செல்சியசில் 100 கிராம் நீர் சுமார் 36 கிராம் சோடியம் குளோரைடை ஏற்கும். இந்நிலையை அடைந்த நீரே தெவிட்டிய கரைசல் ஆகும். அடியில் கிடக்கும் படிகம் உறங்கிக் கிடப்பதாகக் கருதலாகாது. அதன் மேற்பரப்பிலிருந்து அயனிகள் இடைவிடாமல் நீருள் செல்கின்றன; நீரிலிருந்து அதே வேகத்தில் அயனிகள் படிகத்தில் வந்து ஒட்டுகின்றன. இரண்டு வேகங்களும் சமமாக இருப்பதனால் மாற்றம் எதுவும் கண்ணுக்குப் புலனாவதில்லை. இதுவே கரைதிறன் சமநிலை.

குறைவாகக் கரையும் உப்புகளுக்கு இச்சமநிலையை ஓர் எண்ணால் குறிக்கலாம். நேர்மின் அயனியின் செறிவையும் எதிர்மின் அயனியின் செறிவையும் பெருக்கினால் கிடைக்கும் மதிப்பு, குறிப்பிட்ட வெப்பநிலையில் ஒரு வரம்பைத் தாண்டாது. அவ்வரம்பே கரைதிறன் பெருக்கம். ஜெர்மானிய அறிஞர் வால்தர் நெர்ன்ஸ்ட் 1889இல் இக்கருத்துக்கு உருவம் கொடுத்தார். அயனிகளின் பெருக்கம் வரம்புக்குக் கீழே இருந்தால் உப்பு கரையும். வரம்பை மீறினால் மிகுதி வீழ்படியும். சில்வர் குளோரைடுக்கு இவ்வெண் 1.8 × 10⁻¹⁰. ஜிப்சம் எனப்படும் நீரேறிய கால்சியம் சல்பேட்டுக்குச் சுமார் 2.6 × 10⁻⁵.

சோடியம் குளோரைடின் இயல்பு ஒன்றை இங்கே தனியே குறிப்பிட வேண்டும். பொட்டாசியம் நைட்ரேட்டின் சூடான கரைசலைக் குளிரவிட்டால் படிகங்கள் மிகுதியாக விழும். சோடியம் குளோரைடோ உறைநிலையில் 36 கிராம் அளவிலும் கொதிநிலையில் 39 கிராம் அளவிலும் கரைகிறது. வெப்பநிலை மாற்றத்தால் அதனைப் படியவைப்பது பயன் தராது. நீரைப் போக்கியே உப்பைப் பெற வேண்டும். உப்பளம் என்னும் அமைப்பு முழுவதும் இந்த ஒரு குணத்திலிருந்து பிறந்தது எனலாம்.

பாடநூல் கணக்கு பொய்க்கும் இடம்

மாணவன் ஒருவன் கரைதிறன் பெருக்கத்தைக் கற்றவுடன் கடல்நீருக்கு அதனைப் பொருத்திப் பார்த்தால் வியப்படைவான். கடல்நீரில் கிலோவுக்குக் கால்சியம் சுமார் 0.0103 மோலும் சல்பேட்டு சுமார் 0.0282 மோலும் உள்ளன. இவற்றின் பெருக்கம் 2.9 × 10⁻⁴. ஜிப்சத்தின் வரம்பைவிட இது பதினொரு மடங்கு. கணக்கின்படி கடலடி முழுவதும் ஜிப்சம் படிந்து கிடக்க வேண்டும். ஆனால் கடல்நீரில் ஜிப்சம் படிவதில்லை. படிவதற்கு அந்நீர் இன்னும் பல மடங்கு செறிவடைய வேண்டும்.

பிழை கடலில் இல்லை. கரைதிறன் பெருக்கத்தில் இட வேண்டியது அயனிகளின் மொத்தச் செறிவன்று, அவற்றின் செயல்திறன். கடல்நீரில் ஒவ்வொரு கால்சியம் அயனியையும் எதிர்மின் அயனிகள் சூழ்ந்துள்ளன. ஒவ்வொரு சல்பேட்டையும் சோடியமும் மக்னீசியமும் சூழ்ந்துள்ளன. சல்பேட்டின் ஒரு பகுதி மக்னீசியத்துடன் இணையாகவே திரிகிறது. சந்தைக் கூட்டத்தில் இருவர் ஒருவரையொருவர் தேடி அடைவது அரிதாவதைப்போல, இக்கூட்டத்தில் கால்சியமும் சல்பேட்டும் சந்தித்துப் படிகமாவது தடைப்படுகிறது. இத்தடைகளைக் கணக்கிலெடுத்தால் கடல்நீரின் உண்மையான அயனிப் பெருக்கம் வரம்பின் ஐந்தில் ஒரு பங்கு அளவே எனத் தெரியவருகிறது. தூய நீரிலுங்கூட, எளிய கணக்கு லிட்டருக்கு 0.9 கிராம் ஜிப்சம் கரையும் எனக் காட்டும், உண்மையில் 2.6 கிராம் அளவு கரைகிறது. தேர்வுத்தாளில் இவ்வேறுபாடு பெரும்பாலும் மறைக்கப்படுகிறது. தொழிலில் அதனை மறைக்க இயலாது.

பாத்தி வரிசை

உப்பளத்தில் கடல்நீர் ஒரே பாத்தியில் உப்பாவதில்லை. முதலில் தேக்கப் பாத்தி, பின்னர் வரிசையாகச் செறிவூட்டும் பாத்திகள், இறுதியில் படிகப் பாத்தி என அது நகர்ந்துகொண்டே இருக்கிறது. தூத்துக்குடிப் பகுதியில் கடல்நீருக்குப் பதிலாக நிலத்தடி உவர்நீரையும் இறைத்துப் பாய்ச்சுகின்றனர். நீரின் அடர்த்தியைப் போமே பாகைகளில் மிதவைமானி காட்டுகிறது. புதிய கடல்நீர் 3 முதல் 3.5 பாகை.

எந்த உப்பு எப்பொழுது படியும் என்பதை 1849இல் இத்தாலிய வேதியியலர் உசிக்லியோ மத்தியதரைக் கடல்நீரைக் கொண்டு அளந்தார். இன்றளவும் உப்பளப் பொறியியலுக்கு அவ்வளவீடுகள் அடிப்படை. கடல்நீர் ஏறத்தாழப் பாதியாகச் சுண்டும்போது கால்சியம் கார்பனேட்டும் சிறிது இரும்பு ஆக்சைடும் படிகின்றன. ஐந்தில் ஒரு பங்காகச் சுண்டும்போது ஜிப்சம் படியத் தொடங்குகிறது. பத்தில் ஒரு பங்குக்கும் கீழே, சுமார் 25 முதல் 26 பாகையில், சோடியம் குளோரைடு படிகிறது. அதற்கு முன்பே ஜிப்சத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் விழுந்துவிடுகிறது. 30 பாகையைக் கடந்தால் மக்னீசிய உப்புகள் உடன் சேரத் தொடங்குகின்றன.

இவ்வெண்களில் உப்பளத்தின் நிலப்பரப்பே எழுதப்பட்டிருக்கிறது. நீரில் பத்தில் ஒன்பது பங்கு வெளியேறிய பின்னரே உப்பு விழும் என்பதனால், செறிவூட்டும் பாத்திகளுக்கே நிலத்தின் பெரும்பகுதி தேவை. உப்பு வாரப்படும் பாத்தி அதில் சிறு பங்குதான். ஒரு டன் உப்புக்குக் குறைந்தது நாற்பத்தைந்து டன் கடல்நீர் வேண்டும். தரையில் ஊறிச் செல்வதையும் சேர்த்தால் தேவை மேலும் மிகும். உப்பள நிலத்தை வேறு பயனுக்கு மாற்றுவது பற்றிய கோப்பு அலுவலரின் மேசைக்கு வரும்போது, வெறும் நீர் நிற்கும் பாத்திகளைப் பயன்படாத நிலமெனக் குறிப்பிடுவது பிழை. அப்பாத்திகள் இல்லையேல் படிகப் பாத்தியில் உப்பே இல்லை.

தரம் என்பது இரு கதவுகளைச் சரியான நேரத்தில் திறப்பதைப் பொறுத்தது. 25 பாகையை எட்டும் முன்பே நீரைப் படிகப் பாத்திக்கு விட்டால் ஜிப்சம் உப்போடு விழும். 29 அல்லது 30 பாகைக்கு மேல் நீரை வடிக்காமல் வைத்திருந்தால் மக்னீசியம் சேரும். உப்பு கசக்கும், ஈரம் பிடிக்கும். வடித்துவிட வேண்டிய அந்நீரே கசப்பு நீர். சிறு உற்பத்தியாளர் அதனை இன்னும் இரண்டு நாள் வைத்திருந்தால் எடை கூடும் என எண்ணுவது இயல்பே. பாத்தியில் மேலும் உப்பு விழத்தான் செய்கிறது. எடைக்கு மட்டும் விலை கிடைக்கும் இடத்தில் கசப்பு நீரை வடிப்பவருக்கு நட்டமும் வடிக்காதவருக்கு இலாபமும் ஏற்படும். உணவு உப்பில், உலர்ந்த நிலையில் சோடியம் குளோரைடு 96 விழுக்காட்டுக்குக் குறையலாகாது என்பது நாட்டின் தர விதி. அவ்விதி கொள்முதல் விலையில் எதிரொலிக்காவிடில் ஆய்வுக்கூடத்தின் அறிக்கையில் மட்டுமே வாழும்.

கசப்பு நீர் உப்பை மேலும் விழச்செய்வதற்கு ஒரு காரணம் உண்டு. மக்னீசியம் குளோரைடும் குளோரைடு அயனியைத் தருகிறது. இரண்டு உப்புகளுக்கும் பொதுவான அயனி மிகும்போது சோடியம் குளோரைடின் கரைதிறன் சுருங்குகிறது. உசிக்லியோவின் அளவுகளிலிருந்து கணக்கிட்டால், உப்பு படியத் தொடங்கும்போது லிட்டருக்கு 310 கிராம் அளவில் இருந்த சோடியம் குளோரைடு, 30 பாகையில் 200 கிராம் அளவுக்குக் குறைந்துவிடுகிறது. இதுவே பொது அயனி விளைவு. பள்ளி ஆய்வகத்தில் தெவிட்டிய உப்புக் கரைசலில் ஹைட்ரஜன் குளோரைடு வாயுவைச் செலுத்தி வெண்படிவு பெறும் சோதனையை உப்பளம் ஏக்கர் கணக்கில் செய்துகாட்டுகிறது. தூத்துக்குடியில் 1980களில் உற்பத்தி தொடங்கிய சோடாச் சாம்பல் ஆலையிலும் இவ்விளைவைக் காணலாம்: சோடியம் பைகார்பனேட்டைப் பிரித்தெடுத்தபின் எஞ்சிய நீரில் உப்பை இட்டுக் குளிர்விக்க, அம்மோனியம் குளோரைடு படிகிறது; அது உரமாகப் பயன்படுகிறது.

வாரிய உப்பைக் கழுவுவதிலும் இதே அறிவு வேண்டும். நல்ல நீரில் கழுவினால் உப்பே கரைந்து ஓடும். தெவிட்டிய உப்புநீரில் கழுவினால் சோடியம் குளோரைடு மேலும் கரையாது. படிகங்களின் மேல் ஒட்டியுள்ள மக்னீசியம் குளோரைடு மட்டும் நீங்கும். உப்பு நீரால் உப்பைக் கழுவுவது கேட்பதற்கு விந்தையாக இருக்கும். ஆனால் சுத்திகரிப்பு ஆலைகள் பலவும் இம்முறையையே கையாள்கின்றன.

கசப்பு நீர் கழிவன்று. மக்னீசியமும் புரோமினும் பொட்டாசியமும் அதில் செறிந்துள்ளன. நாட்டில் உரத்துக்கு வேண்டும் பொட்டாஷ் ஏறத்தாழ முழுவதும் இறக்குமதியாகிறது. 1954இல் குஜராத்தின் பாவ்நகரில் தொடங்கப்பட்ட மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் கசப்பு நீரிலிருந்து பொட்டாஷ் உரம் பெறும் முறைகளை வகுத்துள்ளது. ஆனால் கடல்நீரில் பொட்டாசியம் கிலோவுக்கு 0.4 கிராமே. பெரிய உப்பளங்களில் கசப்பு நீர் ஓரிடத்தில் சேரும். தென்கோடியின் சிறு உப்பளங்களில் அது சிதறி வாய்க்காலில் கலந்துவிடும். கூட்டுறவு முறையில் அதனைச் சேகரிக்காமல் இத்தொழில்நுட்பம் சிறு உற்பத்தியாளரை எட்டுவது கடினம்.

எழுபத்தைந்து விழுக்காடு

இனி, தொடக்கத்தில் எழுந்த வினாவுக்குத் திரும்பலாம். திருவனந்தபுரத்தில் ஆண்டு மழை சுமார் 1800 மில்லிமீட்டர். தூத்துக்குடியில் அதில் பாதிக்கும் வெகு குறைவு. எல்லையிலிருந்து தென்கிழக்கே அகஸ்தீஸ்வரம் நோக்கிச் செல்லச் செல்ல மழை குறைகிறது. பாறசாலை வட்டாரத்தில் தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் பெய்கின்றன. ஒரு கனமழை, பல வாரங்களாகச் செறிவூட்டிய நீரை மீண்டும் நீர்க்கச் செய்துவிடும்.

மழை பெய்யாத நாளிலும் ஒரு தடை உண்டு. தூய நீர் தன்னைச் சுற்றியுள்ள காற்று ஈரத்தால் முற்றிலும் நிறையும் வரை ஆவியாகும். உப்புநீர் அவ்வாறன்று. கரைந்த அயனிகள் நீர் மூலக்கூறுகளைப் பற்றிக்கொள்வதனால் அதன் ஆவியழுத்தம் குறைகிறது. சோடியம் குளோரைடால் தெவிட்டிய கரைசலின் ஆவியழுத்தம் தூய நீரினுடையதில் 75 விழுக்காடு மட்டுமே. ஆகவே காற்றின் ஒப்பு ஈரப்பதம் 75 விழுக்காட்டை எட்டினால் அக்கரைசல் ஆவியாவது நின்றுவிடும். அதனைத் தாண்டினால் கரைசல் காற்றிலிருந்தே நீரை ஏற்கும். ஈரப்பதம் 70 விழுக்காடாக உள்ள நாளில் தூய நீருக்கு 30 பங்கு இடைவெளி இருக்க, தெவிட்டிய உப்புநீருக்கு 5 பங்கே எஞ்சுகிறது. வெயிலில் பாத்தி நீர் காற்றைவிடச் சூடேறுவதனால் இக்கணக்கு சற்றுத் தளரும். எனினும் போக்கு மாறாது. குளத்து நீர் வற்றும் வேகத்தைப் பார்த்து உப்பு விளையும் என மதிப்பிடுபவர் ஏமாறுவது இதனாலேயே. கேரளக் கடற்கரையில் பருவமழைக் காலத்தின் பெரும்பகுதியில் காற்று 75 விழுக்காட்டு எல்லையை நாள்தோறும் நெடுநேரம் தாண்டி நிற்கிறது.

பாத்தியில் உப்பு விழுவதைத் தடுக்கும் அதே எண்தான் அடுக்களையில் உப்பு நீர்த்துப்போவதற்கும் காரணம். மரவையிலோ மண்கலயத்திலோ வைத்த கல்லுப்பு ஆடி மாதத்தில் கசிந்து ஒழுகுவதைப் பாறசாலை இல்லங்கள் நன்கு அறியும். தூய சோடியம் குளோரைடு 75 விழுக்காட்டுக்கு மேல்தான் கசியும். மக்னீசியம் குளோரைடோ 33 விழுக்காட்டிலேயே நீரை இழுக்கத் தொடங்கிவிடும். கோடையிலும் கசியும் உப்பு, உப்பளத்தில் கசப்பு நீர் சரியாக வடிக்கப்படவில்லை என்பதை அறிவிக்கிறது எனக் கொள்ளலாம். ஐம்பது கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு கதவு இரண்டு நாள் தாமதமாகத் திறக்கப்பட்டதன் விளைவு அது.

இதனை எளிதில் சோதித்துப் பார்க்கலாம். கல்லுப்பை நீரில் கரைத்து, வடிகட்டி, தெளிந்த நீரில் சலவைச் சோடாக் கரைசலைச் சிறிது சேர்த்தால் வெண்கலங்கல் தோன்றும். கால்சியமும் மக்னீசியமும் கார்பனேட்டுகளாக வீழ்படிவதே அது. கலங்கல் மிகுந்தால் மாசு மிகுதி. பொடி உப்பில் கட்டி பிடிக்காதிருக்கச் சில பொருள்கள் சேர்க்கப்படுவதனால் அதனை இச்சோதனைக்கு எடுத்துக்கொள்ளாதிருப்பது நன்று.

கசிவு வெறும் தொல்லை மட்டுமன்று. 1962இல் நாடு தழுவிய கழுத்துக்கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது. 1992இல் அது அயோடின் குறைபாட்டு நோய்கள் கட்டுப்பாட்டுத் திட்டமாகப் பெயர் மாறியது. 2006 மே மாதம் முதல் நேரடி மனித உணவுக்கு அயோடின் சேராத உப்பை விற்பது நாடு முழுவதும் தடைசெய்யப்பட்டுள்ளது. உற்பத்தி நிலையில் பத்து லட்சத்தில் 30 பங்கும் நுகர்வோரிடம் சேரும்போது 15 பங்கும் அயோடின் இருக்க வேண்டும் என்பது வகுக்கப்பட்ட அளவு. இதற்காகச் சேர்க்கப்படும் பொட்டாசியம் அயோடேட்டு நீரில் கரைவது. உப்பு கசிந்தால் அயோடேட்டும் கரைந்து மூட்டையின் அடிப்பகுதிக்கு இறங்கி, ஒழுகும் நீரோடு வெளியேறும். ஆலையில் சரியான அளவில் சேர்த்த அயோடின், ஈரமான கடையில் திறந்த சாக்கில் கிடக்கும் உப்பில் அதே அளவில் இருக்கும் என எதிர்பார்க்க இயலாது. மாதிரி எடுக்கும் அலுவலர் சாக்கின் மேற்பகுதியிலிருந்து மட்டும் ஒரு கைப்பிடி எடுத்தால் கிடைக்கும் முடிவு முழுச் சாக்குக்கும் பொருந்தாது. மேலும், நடுவும், அடியும் கலந்த மாதிரியே நம்பத்தக்கது.

கருமணலின் பாடம்

உப்பளங்களிலிருந்து பாறசாலை நோக்கித் திரும்பும் கடற்கரை வழியில் மணவாளக்குறிச்சி உள்ளது. அங்குள்ள கருமணலில் மோனசைட்டு இருப்பதை 1909இல் ஜெர்மானிய வேதியியலர் ஷோம்பெர்க் கண்டறிந்தார். தோரியமும் அருமண் உலோகங்களும் அக்கனிமத்தில் பாஸ்பேட்டுகளாக உள்ளன. அவற்றைப் பிரிக்கும் முறை முழுவதும் வீழ்படிவுக் கலையே. சூடான எரிசோடாவில் மோனசைட்டைச் சிதைத்தால் பாஸ்பேட்டு கரைந்து போகிறது. உலோகங்கள் ஹைட்ராக்சைடுகளாக எஞ்சுகின்றன. அமிலத்தின் அளவைக் கட்டுப்படுத்திச் சேர்க்கும்போது அருமண் ஹைட்ராக்சைடுகள் கரைகின்றன. கரைதிறன் பெருக்கம் மிகமிகச் சிறியதான தோரியம் ஹைட்ராக்சைடு கரையாமல் நிற்கிறது. கரைசலில் ஒளிந்துள்ள கதிரியக்க ரேடியத்தின் அளவு மிகச் சொற்பம், தானாகப் படியாது. பேரியம் சல்பேட்டைப் படியவைத்தால் அப்படிகத்துக்குள் ரேடியமும் சிக்கி உடன் விழுகிறது. இந்திய அருமண் நிறுவனம் 1952இல் ஆலுவாயில் நிறுவிய ஆலை இத்தொழிலில் நாட்டுக்கு முன்னோடி.

கிணற்று நீர்

எல்லைக் கிராமங்களுக்கு உப்பைவிடவும் அன்றாடக் கவலை கிணறு. நெய்யாறு கடலோடு கலக்கும் பூவாற்றுப் பகுதியில் மணல் திட்டு ஒன்று ஆற்றையும் கடலையும் பிரிக்கிறது. கடலோரக் கிணறுகளில் நீரை மிகுதியாக இறைத்தால் கடல்நீர் உள்ளே நகரும். கடல்நீரில் லிட்டருக்குக் குளோரைடு ஏறத்தாழ 19,000 மில்லிகிராம்; குடிநீருக்கு இந்தியத் தர அமைவனம் ஏற்கும் அளவு 250 மில்லிகிராம், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1000 மில்லிகிராம் வரை. அதாவது நல்ல நீரில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்குக்கும் குறைவான கடல்நீர் கலந்தாலே ஏற்கத்தக்க அளவு கடந்துவிடும். இவ்வளவு சிறு கலப்பை நாக்கு எப்போதும் உணர்வதில்லை. சில்வர் நைட்ரேட்டு உணரும்.

மோர் என்னும் ஜெர்மானிய வேதியியலரின் பெயரால் வழங்கும் தரம்பார்ப்பில் நீருடன் பொட்டாசியம் குரோமேட்டைச் சிறிது சேர்த்து, சில்வர் நைட்ரேட்டுக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடுகின்றனர். முதலில் வெண்ணிற சில்வர் குளோரைடு படிகிறது. குளோரைடு தீர்ந்தவுடன் செங்கல் நிற சில்வர் குரோமேட்டு தோன்றுகிறது. ஏன் இந்த வரிசை? லிட்டருக்கு 250 மில்லிகிராம் குளோரைடு உள்ள நீரில் அதன் செறிவு 0.007 மோல். 1.8 × 10⁻¹⁰ என்னும் வரம்பை 0.007 ஆல் வகுத்தால், வெள்ளி அயனி 2.6 × 10⁻⁸ மோல் ஆனவுடனேயே குளோரைடு படியத் தொடங்கும் எனத் தெரிகிறது. சில்வர் குரோமேட்டின் கரைதிறன் பெருக்கம் 1.1 × 10⁻¹². குரோமேட்டின் செறிவு 0.005 மோல் எனில், அது படிவதற்கு வெள்ளி அயனி 1.5 × 10⁻⁵ மோல் வேண்டும். அந்நிலையில் எஞ்சியிருக்கும் குளோரைடு லிட்டருக்கு அரை மில்லிகிராமுக்கும் குறைவு. சிவப்பு தோன்றும் கணத்தில் குளோரைடு நடைமுறையில் முடிந்துவிட்டது. வரம்பெண்களை மட்டும் ஒப்பிடும் மாணவன் 10⁻¹² சிறிதாதலின் குரோமேட்டே முதலில் படியும் என விடையெழுதுவான். ஒரு குரோமேட்டுக்கு இரண்டு வெள்ளி அயனிகள் வேண்டும் என்பதை அவன் மறந்திருப்பான்.

கடலோரத்தை விட்டு உள்ளே வந்தால் செம்புரைக் கல் நிலம். அங்குள்ள கிணறுகளில் உவர்ப்பில்லை. ஆனால் பல இடங்களில் நீர் புளிப்புத் தன்மை உடையது, இரும்பும் கொண்டது. இறைக்கும்போது தெளிவாக இருந்த நீர், குடத்தில் சில மணி நேரம் நின்றபின் பழுப்பேறுகிறது. நிலத்தடியில் காற்றுப் படாத இடத்தில் இரும்பு பெரஸ் அயனியாகக் கரைந்துள்ளது. பி.எச். 6 ஆக உள்ள நீரில், பெரஸ் ஹைட்ராக்சைடின் கரைதிறன் பெருக்கத்தின்படி, லிட்டருக்குச் சுமார் 27 கிராம் இரும்பு கரைந்திருக்கலாம். அதாவது வரம்பே இல்லை எனலாம். காற்றிலுள்ள ஆக்சிஜன் அதனைப் பெரிக் அயனியாக மாற்றியதும் நிலை தலைகீழாகிறது. பெரிக் ஹைட்ராக்சைடின் கரைதிறன் பெருக்கம் 2.8 × 10⁻³⁹. அதே நீரில் இப்போது தங்கக்கூடிய பெரிக் அயனி ஒரு கிராமின் லட்சம் கோடியில் ஒரு பங்குக்கும் குறைவு. வேறு வகை அயனிகளும் நுண்துகள்களும் இருப்பதனால் நடைமுறையில் இரும்பு இவ்வளவுக்குத் தீர்ந்துபோவதில்லை. ஆயினும் பழுப்புப் படிவு விழுவதற்குக் காரணம் இதுவே.

இதனை அறிந்தால் தீர்வும் எளிது எனத் தோன்றும்: நீரைக் காற்றில் தெளித்து, நிற்கவிட்டு, மணலில் வடிகட்டினால் போதும். பல ஊர்களில் இம்முறை வெற்றி பெறுவதும், சில ஊர்களில் வடிகட்டிய நீரே மீண்டும் பழுப்பாவதும் காணப்படுகிறது. கரைதிறன் சமநிலை எது படியும் என்பதைச் சொல்லும். எவ்வளவு நேரத்தில் படியும் என்பதைச் சொல்லாது. இரும்பு ஆக்சிஜனுடன் சேரும் வேகம் பி.எச். ஓர் அலகு உயர்ந்தால் ஏறத்தாழ நூறு மடங்கு கூடுகிறது. பி.எச். 6இல் மிக மெல்ல நடக்கும் மாற்றம் 7ஐக் கடந்தால் சில நிமிடங்களில் முடியும். ஆகவே புளிப்பான செம்புரைக் கல் கிணறுகளுக்குக் காற்றூட்டும் தொட்டி மட்டும் கட்டித் திட்டத்தை முடித்துவிடுவது போதாது. அளந்து இட்ட சுண்ணாம்பினால் முதலில் பி.எச். உயர்த்தப்பட வேண்டும், நீர் தொட்டியில் போதிய நேரம் நிற்க வேண்டும். வடிகட்டியின் மணலைக் குறித்த காலத்தில் பின்னோட்டமாகக் கழுவ வேண்டும். கழுவாவிடில் சேர்ந்த பழுப்பு மண்டி நீரின் வழியை அடைத்துவிடும், மக்கள் தொட்டியைக் கைவிட்டுப் பழைய கிணற்றுக்கே திரும்புவர்.